ஒன்பதுக்கு நான்கு: மேல்கீழ் இரட்டைப் பார்வைக்குப் பிரிசம் கொடுத்த ஒரு நிகழ்வு

வந்தவர் 44 வயதுப் பெண், மெய்ப்புத் திருத்துபவர். மேசையில் மூன்று கண்ணாடிகளை வரிசையாக வைத்தார். மூன்றும் ஒன்றரை ஆண்டுக்குள் அடுத்தடுத்து வாங்கியவை. எதைப் போட்டாலும் இரண்டு கண்ணும் தனித்தனியே கடைசி வரி வரை தெளிவாகப் படித்தன. ஆனாலும் மத்தியானம் தாண்டினால் புருவத்துக்கு மேல் வலி, கழுத்தில் இறுக்கம், படித்த வரியையே மறுபடி படிக்கும் தொல்லை. ஓரிடத்தில், பவரில் குறை எதுவும் இல்லை, மன உளைச்சலாக இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வலியைவிட அந்தச் சொல்தான் அவரை அதிகம் வாட்டியிருந்தது.

என்ன தெரிகிறது என்று கேட்டேன். "சார், புள்ளி இடம் மாறுது" என்றார். எனக்குப் பிடிபடவில்லை. பையிலிருந்து ஒரு மெய்ப்புத் தாளை எடுத்துக் காட்டினார். 'பக்கம்' என்று வர வேண்டிய இடத்தில் 'பககம்' என்று அச்சாகியிருந்தது. அவர் கண்ணில் அது படவே இல்லை. படித்துக்கொண்டிருக்கும்போது மெல்லிய நிழல் போல இன்னொரு வரி மேலே நகர்ந்து வருமாம். அந்த நிழல் வரியின் புள்ளி, புள்ளி இல்லாத எழுத்தின் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இல்லாத புள்ளி இருப்பதாகத் தெரிந்துவிடும். இருபது ஆண்டு இந்த வேலையில் இருந்தவருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பது அந்தத் தாளைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"அப்படித் தெரியும்போது ஒரு கண்ணை மூடிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "மூடினா நிழல் போயிடுது. எந்தக் கண்ண மூடினாலும் போயிடுது" என்றார்.

பாதி நோயறிதல் அந்த ஒரு பதிலிலேயே இருக்கிறது. ஒரு கண்ணை மூடிய பிறகும் நிழல் இருந்தால் குறை அந்தத் திறந்த கண்ணுக்குள்ளேயே இருக்கிறது: உருளைப் பவர், கண்புரை, வறண்ட கண் என்று தேட வேண்டும். எந்தக் கண்ணை மூடினாலும் நிழல் மறைகிறதென்றால் ஒவ்வொரு கண்ணும் தன்னளவில் சரி. இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். மூன்று முறை கண்ணாடி மாற்றிய எவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க அரை நிமிடம்கூட ஆகாது.

அளவுகள்

பவர்: வலக்கண் −1.00, இடக்கண் −2.50, வாசிப்புக்குக் கூடுதலாக +1.25. விழித்திரை, கண்ணழுத்தம், கண்மணி ஒளிக்குச் சுருங்கும் விதம் எல்லாம் இயல்பு. கிட்டத்துப் பொருளை நோக்கிக் கண்கள் குவியும் புள்ளி 6 சென்டிமீட்டர், அதிலும் குறையில்லை.

மாற்றி மாற்றிக் கண்ணை மறைக்கும் கவர் டெஸ்டில்தான் விஷயம் வெளிப்பட்டது. வலக்கண்ணைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது மேலிருந்து கீழே இறங்கி வந்து இலக்கைப் பிடித்தது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது அந்த விலகல் தெரிவதில்லை. மூளை இழுத்துப் பிடித்துச் சேர்த்துவைக்கிறது. இதைத்தான் மறைந்த மாறுகண் என்கிறோம். பிரிசம் பார் (ஒளியை வளைக்கும் முப்பட்டகங்களை வரிசையாக வைத்த பட்டை) வைத்து அளந்தபோது தூரத்தில் 9 பிரிசம் டயாப்டர் (விலகலை அளக்கும் அலகு), வாசிப்பு நிலையில் 11. இடப்பக்கம் பார்க்கும்போது 14 ஆகக் கூடியது, வலப்பக்கம் பார்க்கும்போது 4 ஆகக் குறைந்தது. தலையை வலத்தோளின் பக்கம் சாய்த்தால் 15, இடத்தோளின் பக்கம் சாய்த்தால் 4.

வலக்கண் மேலே ஏறியிருக்கிறது, இடப்பார்வையில் கூடுகிறது, வலச்சாய்வில் கூடுகிறது. 1958-இல் மார்ஷல் பார்க்ஸ் முறைப்படுத்திய மூன்று படிச் சோதனை இங்கே ஒரே தசையைத்தான் கைகாட்டுகிறது: வலக்கண்ணின் மேல்சாய் தசை. கண்ணைக் கீழே இறக்குவதிலும், உள்பக்கமாகச் சுழற்றுவதிலும் அதற்குப் பங்குண்டு. அதை இயக்குவது நான்காம் கபால நரம்பு. மூளைத்தண்டின் பின்புறமாக வெளிவரும் ஒரே கபால நரம்பு அதுதான். மண்டைக்குள் மற்றவற்றைவிட நீண்ட தூரம் சுற்றி வருவதும் அதுவே. மெலிந்த நரம்பு, நெடிய பாதை. தலையில் அடிபட்டால் எளிதில் பாதிக்கப்படும். அவருக்கு அப்படி அடிபட்ட நினைவில்லை.

இது புதிதாக வந்ததா, பிறவியிலிருந்தே இருந்ததா? புதிது என்றால் வேறு அவசரம். திடீரென வந்த இரட்டைப் பார்வை, கூடவே இமை இறக்கம், ஒரு பக்கக் கண்மணி விரிவு, கடுந்தலைவலி, பேச்சிலோ நடையிலோ தடுமாற்றம் என்று ஏதாவது இருந்தால் பிரிசம் பெட்டியைத் திறக்கவே கூடாது. அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அளவு நேரத்துக்கு நேரம் மாறினால் தசைக்களைப்பு நோயையும், கண் பிதுங்கியிருந்தால் தைராய்டையும் நினைக்க வேண்டும். இவரை ஒரு நிமிடம் மேலே பார்த்தபடி இருக்கச் சொன்னேன். இமை சரியவில்லை. காலையில் எடுத்த அளவும் மாலையில் எடுத்த அளவும் ஒன்றாகவே இருந்தன.

பிறவிக்குறை என்று என்னை நம்பவைத்தவை இரண்டு. முதலாவது, மேல்கீழாகப் பிம்பங்களைச் சேர்த்துப் பிடிக்கும் வலிமை. பொதுவாக அது ஒருசில டயாப்டரைத் தாண்டாது. இவருக்கு 14 இருந்தது. இத்தனை வலிமை ஒரே ஆண்டில் வராது; குழந்தைப் பருவத்திலிருந்து நாள்தோறும் உழைத்துச் சேர்த்த தசைப்பலம் மாதிரி அது. இரண்டாவது, பழைய படங்கள். அடுத்த முறை வரும்போது சிறுவயதுப் படங்களை எடுத்து வரச் சொன்னேன். பள்ளிக் குழுப்படத்தில் இரண்டாம் வரிசையில் நின்ற சிறுமியின் தலை இடத்தோளின் பக்கம் சாய்ந்திருந்தது. பதினைந்து வயதுப் படத்திலும் அதே சாய்வு, இருபத்தைந்திலும் அதே சாய்வு. "போட்டோக்காரர் நேரா நில்லும்மான்னு திட்டுவார். நான் நேராத்தான் நிற்கிறேன்னு நினைப்பேன்" என்றார். அந்தச் சாய்வில்தான் அவருக்கு உலகம் ஒன்றாக இருந்தது. உடல் தானே கண்டுபிடித்துக்கொண்ட மருத்துவம் அது.

கண் மருத்துவரிடம் அனுப்பினேன். பிறவியிலேயே இருந்த வலது நான்காம் நரம்புத் தளர்ச்சி, இப்போது கட்டுப்பாடு இழந்து வெளிப்பட்டிருக்கிறது என்று அவரும் உறுதிசெய்தார்.

ஏன் இப்போது?

நாற்பது ஆண்டு தாங்கியது ஏன் இந்த ஒன்றரை ஆண்டில் உடைந்தது? வயது கூடக் கூட, பிம்பங்களைச் சேர்த்துப் பிடிக்கும் இந்த வலிமை குறையும் என்பது பொதுவான பதில். இவருக்கு அதைவிடத் துல்லியமான பதில் அந்த மூன்று கண்ணாடிகளிலேயே இருந்தது. மூன்றும் ப்ரோக்ரசிவ் லென்சுகள்: மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்புக்குமாகப் பவர் படிப்படியாக மாறுபவை.

1890-இல் சார்லஸ் பிரெண்டிஸ் பிரிசம் டயாப்டர் என்ற அலகை முன்வைத்தார். 1 மீட்டர் தூரத்தில் ஒளியை 1 சென்டிமீட்டர் நகர்த்துவது 1 பிரிசம் டயாப்டர். அவர் பெயரால் வழங்கும் இன்னொரு விதியும் உண்டு: எந்தப் பவர் லென்சும் மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் பிரிசமாகிவிடும், விலகிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் பிரிசம் அளவு வரும். ப்ரோக்ரசிவ் லென்சில் வாசிக்கிறவர் மையத்துக்குக் கீழே ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் இறங்கிப் பார்க்கிறார். −1.00 பவருள்ள வலக்கண்ணில் அது 1 டயாப்டர், −2.50 உள்ள இடக்கண்ணில் 2.5. இரண்டிலும் பிரிசத்தின் தடித்த அடிப்பக்கம் கீழே. மிச்சம் 1.5 டயாப்டர் இடக்கண்ணில் கீழ்நோக்கி நிற்கிறது. இவருக்கு உதவி தேவைப்படுவது வலக்கண்ணில் கீழ்நோக்கி. அதாவது வாசிப்பில் ஏற்கெனவே இருந்த 11-ஐ, அந்த நல்ல விலையுயர்ந்த லென்சு 12.5 ஆக்கிவிட்டது.

அதற்கு முன் அவர் போட்டிருந்தது சாதாரண ஒற்றைப் பவர் கண்ணாடி. அதில் தலையையே குனிந்து மையம் வழியாகப் படித்தார். ப்ரோக்ரசிவில் தலையை நிமிர்த்திக் கண்ணைத் தாழ்த்தச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மேல்சாய் தசை தளர்ந்தவருக்குக் கீழ்ப்பார்வைதான் ஆகவே ஆகாத பார்வை. போதாததற்கு அவர் வேலை செய்யும் முறை. எப்படி உட்காருவீர்கள் என்று நடித்துக் காட்டச் சொன்னேன். கைப்பிரதியை மேசையில் இடப்பக்கம் படுக்க வைத்து, மெய்ப்பை வலப்பக்கம் வைத்து, இரண்டுக்கும் நடுவே கண்ணை ஓட்டினார். இடப்பக்கம், கீழே. அவருடைய விலகல் உச்சத்தில் இருக்கும் மூலைக்கு ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை போய் வந்திருப்பார்!

40 சென்டிமீட்டரில் படிக்கும்போது 1 பிரிசம் டயாப்டர் நழுவினால் பிம்பம் 4 மில்லிமீட்டர் நகரும். அச்சுப் பக்கத்தில் வரிக்கும் வரிக்கும் இடைவெளி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். மேல்கீழ்ப் பிடிப்பு சட்டென்று அறுவதில்லை, மெதுவாக வழுக்கும். அந்த வழுக்கலில் முதல் டயாப்டர் கடக்கும்போதே கீழ்வரி மேல்வரியின் மடியில் வந்துவிடுகிறது. இல்லாத புள்ளி எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எவ்வளவு கொடுப்பது?

பிரிசம் என்பது பள்ளியில் வானவில் காட்டிய அதே முப்பட்டகம்தான். ஒளியைத் தன் தடித்த அடிப்பக்கம் நோக்கி வளைக்கும். பார்ப்பவருக்குப் பொருள் முனைப்பக்கம் நகர்ந்தது போலத் தெரியும். ஏறிய கண்ணுக்குப் பொருள் தாழ்ந்து தெரிவதால், அந்தக் கண்ணுக்கு அடிப்பக்கம் கீழே வருமாறு வைத்தால் பிம்பம் உயர்ந்து மற்றதோடு சேரும். கண் இருந்த இடத்திலேயே இருக்கும். தசை வலுப்படாது, நரம்பு தேறாது. பிம்பம் கண்ணிருக்கும் இடத்துக்கு வந்து கொடுக்கிறது, அவ்வளவே. இதை நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். குணமாகும் என்று நம்பிக் காத்திருந்து ஏமாறுவது பெரிய துன்பம்.

9 அளந்தால் 9 கொடுத்துவிடலாமே என்று தோன்றும். நான் பயிற்சியில் இருந்தபோது அப்படித்தான் எண்ணினேன். அது தவறு. முழுதும் கொடுத்தால் அவரிடம் இருக்கும் பிடிப்பு வேலையற்றுப் போகும், லென்சு கனக்கும், விலகல் குறைவாக உள்ள வலப்பக்கப் பார்வையில் அதே பிரிசம் அதிகமாகிப் புது இரட்டையை உண்டாக்கும். சிலருக்கு மூளை அந்தப் பிரிசத்தையும் பழகிக்கொண்டு பழைய விலகலை மீண்டும் காட்டும். பிரிசத்தைத் தின்றுவிட்டது என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ஆகவே, மீதியை அவரே சிரமமில்லாமல் சுமக்கக்கூடிய மிகக் குறைந்த அளவைத் தேட வேண்டும்.

வழி இது. வலக்கண் முன் அடிப்பக்கம் கீழாகப் பிரிசத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். 11-இல் பிம்பம் பிரிந்தது. பிறகு அடிப்பக்கம் மேலாக, 3-லேயே பிரிந்தது. அவருடைய மொத்த எல்லை 14. ஆனால் அவர் நிற்பது எல்லையின் ஓரத்தில், ஒரு பக்கம் 3 மட்டுமே மிச்சம் வைத்துக்கொண்டு. 11-லிருந்து 3-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 4. அந்த 4 அவரை எல்லையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தும். வாசிப்பில் எல்லைகள் 12, 2, நடு 5.

ட்ரையல் ஃபிரேமில் (லென்சுகளை மாட்டிச் சோதிக்கும் சட்டத்தில்) 4-ஐ இரண்டாகப் பிரித்து, வலக்கண்ணில் 2 கீழே, இடக்கண்ணில் 2 மேலே என்று போட்டு அரைமணி நேரம் உட்கார வைத்தேன். அவர் கொண்டுவந்த மெய்ப்பையே படிக்கச் சொன்னேன். ஐந்து நிமிடம் எதுவும் பேசவில்லை. பிறகு, "வரி அசையாம நிக்குது" என்று மட்டும் சொன்னார். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ப்ரோக்ரசிவ் வேண்டாம் என்று முடிவு செய்தோம். தூரத்துக்கு ஒன்று, வாசிப்புக்கு ஒன்று. வாசிப்புக் கண்ணாடியில் வலக்கண் 3 கீழே, இடக்கண் 2 மேலே. ஒளிமையத்தையும் வாசிக்கும் உயரத்துக்கே தாழ்த்தி எழுதினேன். பாலிகார்பனேட் வேண்டாம், சாதாரண சிஆர்-39 பிளாஸ்டிக் போதும் என்றும் குறித்தேன். பிரிசம் நிறத்தைப் பிரிக்கும். எழுத்து விளிம்பில் நீலமும் ஆரஞ்சும் கசியும். அந்தக் கசிவைக் காட்டும் ஆபே எண் பாலிகார்பனேட்டுக்கு ஏறக்குறைய 30, சிஆர்-39-க்கு 58. எண் பெரிதானால் கசிவு குறைவு. நாள் முழுக்க எழுத்தின் விளிம்பையே பார்ப்பவருக்கு இது சிறிய விஷயமல்ல.

தலைகீழாக வந்த லென்சு

கண்ணாடி வந்த அன்று நான் இல்லை. வாங்கிச் சென்றவர் மறுநாள் காலையிலேயே முகம் வெளிறி வந்தார். வாசிப்புக் கண்ணாடி நன்றாக இருக்கிறது. தூரக் கண்ணாடியைப் போட்டால் கதவுக்கு மேல் இன்னொரு கதவு, குமட்டல். "எனக்கு எதுவும் ஒத்துக்காது போல சார்" என்றபோது குரல் உடைந்தது.

லென்சின் பவரையும் பிரிசத்தையும் அளக்கும் லென்சோமீட்டரில் வைத்தேன். வலது லென்சில் குறுக்குக்கோடு மேலே போய் நின்றது. அடிப்பக்கம் மேலே! இடது லென்சில் கீழே. ஆர்டர் படிவத்தில் நான் சரியாக எழுதியிருந்தேன். செய்த இடத்தில் திசையை மாற்றிப் பதிந்திருக்கிறார்கள். உதவியாக வர வேண்டிய 4 எதிராக வந்து, தூரத்தில் அவர் சுமக்க வேண்டியது 13 ஆகிவிட்டது. அந்தப் பக்கம் அவரிடம் இருந்த இருப்பே 3. பிம்பம் பிரியாமல் என்ன செய்யும்?

தவறு செய்தது அவர்கள். சரிபார்க்காமல் கைமாற விட்டது நான். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து பிரிசம் உள்ள எந்தக் கண்ணாடியும் நானே லென்சோமீட்டரில் பார்க்காமல் வெளியே போவதில்லை. எழுதும்போதும் அடிப்பக்கம் கீழே என்று சொல்லால் எழுதி, பக்கத்தில் 270 பாகை என்றும் குறிக்கிறேன். மேலே என்றால் 90. ஒன்று புரியாவிட்டாலும் மற்றது காப்பாற்றும். (ப்ரோக்ரசிவ் லென்சுகளைச் சோதிப்பவர்கள் கவனிக்க: மெலிதாக்குவதற்காக இரண்டு கண்ணிலும் சம அளவில் கீழ்நோக்கிப் பிரிசம் வைத்திருப்பார்கள். இரண்டும் சமமாக இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. பார்க்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை.)

சரியான தூரக் கண்ணாடி ஒரு வாரத்தில் வந்தது. நான் பார்த்தபிறகே கொடுத்தேன்.

பின்தொடர்ந்தபோது

வேலை மேசையையும் மாற்றச் சொல்லியிருந்தேன். கைப்பிரதி இப்போது வலப்பக்கம், சாய்வான தாங்கியில், கண் மட்டத்துக்குச் சற்றே கீழே. பிரிசத்துக்கு நிகரான பலன் இதிலும் கிடைத்தது என்பது என் எண்ணம். இதற்கு எந்த லென்சும் தேவைப்படவில்லை.

மூன்றாம் வாரம் தலைவலி வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைந்திருந்தது. மூன்றாம் மாதம் புதிய கண்ணாடியோடு அளந்தேன்: தூரத்தில் மீதி 5, வாசிப்பில் 6. கொடுத்ததைக் கழித்தால் வர வேண்டிய அதே எண்கள், பிரிசத்தைத் தின்னவில்லை. கட்டுப்பாடு இழந்தவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் பிரிசம் நிலைத்து நிற்கிறது.

பிரிசத்தால் ஆகாததும் இவரிடமே இருக்கிறது. கண் எத்தனை பாகை சுழன்றிருக்கிறது என்று அளக்கும் இரட்டை மேடாக்ஸ் ராட் சோதனையில் வலக்கண் 4 பாகை வெளிப்பக்கமாகச் சுழன்றிருந்தது. பிரிசம் பிம்பத்தை நகர்த்தும், சுழற்றாது. 4 பாகையை மூளை சமாளிக்கிறது. கூடுதலாக இருந்தால் எத்தனை டயாப்டர் கொடுத்தாலும் சாய்ந்த பிம்பம் சாய்ந்தே இருக்கும். எதிர்த்தசையைத் தளர்த்தும் அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர் விளக்கினார். வேலை செய்ய முடிகிறவரை வேண்டாம் என்று இவர் சொன்னார். அந்த வழி திறந்தே இருக்கிறது.

இந்த நிகழ்வைப் படித்துவிட்டு, படிக்கும்போது சோர்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பிரிசம் எழுதிவிடக் கூடாது. கிட்டத்தில் கண் குவியாத பிள்ளைகளுக்கு, அடிப்பக்கம் மூக்கை நோக்கி உள்ளே வைத்த பிரிச வாசிப்புக் கண்ணாடி பிரிசமே இல்லாத கண்ணாடியைவிட மேலாக உதவவில்லை என்று 2005-இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனை காட்டியது. அவர்களுக்கு முறையான குவிப்புப் பயிற்சியே முதல் வழி. மேல்கீழ் விலகலோ பயிற்சிக்கு அவ்வளவாக மசியாது; அங்கேதான் சிறு பிரிசம் பேருதவி செய்கிறது.

ஓராண்டு கழித்து வந்தபோது எண்கள் மாறவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது இடப்பக்கம் குனிந்து பார்த்தால் இன்னமும் இரண்டு படி தெரிகிறதாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து இறங்குகிறார். கைப்பேசியில் புதிதாக எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். தலை இடப்பக்கம் சாய்ந்துதான் இருந்தது, பள்ளிப்படத்தில் இருந்ததில் பாதி அளவுக்கு. கூடவே ஒரு மெய்ப்புத் தாள். ஓரத்தில் சிவப்பு மையில் ஏழு புள்ளிகளைச் சேர்த்திருந்தார். அடுத்த அளவுக்கு ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன்.